அயோவா ரசிகர்களின் அஃபென்ஸ் கோபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த ஊர் ரசிகரிடம் பேசினாலும், ஐந்து நிமிடத்துக்குள் தங்கள் அணியின் அஃபென்ஸ் (பந்தை வைத்துப் புள்ளி எடுக்கும் பக்கம்) கோஆர்டினேட்டரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார். ஆனால் 2021 முதல் 2023 வரை அயோவா பல்கலைக்கழக அணியான ஹாக்ஐஸின் ரசிகர்கள் பட்ட பாடு தனி ரகம். அந்த மூன்று வருடங்களைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஃபுட்பால் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் கோபம் புரிய எவ்வளவு தெரிந்தால் போதும்?

கொஞ்சம் போதும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். மூன்று டவுனில் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிப் போட்டால், மடக்கிய டிஃபென்ஸுக்கு (எதிரணியைத் தடுக்கும் பக்கத்துக்கு) 2 புள்ளி. அதற்கு சேஃப்டி என்று பெயர். சேஃப்டி அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் இந்தக் கதைக்கு அது தேவைப்படுகிறது.

ப்ளே காலிங் என்பது என்ன? யார் செய்வது?

ஒரு ப்ளே (ஒரு டவுனில் நடக்கும் ஆட்டம்) முடிந்ததும் 40 நொடி கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் அடுத்த ப்ளே ஆரம்பமாக வேண்டும். பிரஸ் பாக்ஸிலோ சைடுலைனிலோ இருக்கும் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், கையிலிருக்கும் பெரிய லேமினேட் அட்டையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். டவுன் எத்தனை, இன்னும் எத்தனை கஜம் வேண்டும், மைதானத்தில் எந்த இடம் என்று அந்த அட்டையில் ப்ளேக்கள் பிரித்து எழுதப்பட்டிருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது, மைதானத்தில் அஃபென்ஸை நடத்தி பாஸ் போடும் குவார்ட்டர்பேக்குக்குப் போய்ச் சேர வேண்டும். 2023 வரை கல்லூரி அணிகள் கைச் சைகை, படம் போட்ட பலகை என்று ஏதேதோ காட்டித்தான் சொல்லின. 2024 முதல் பெரிய அணிகளில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைக்க அனுமதி வந்தது. கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அது அணைந்துவிடும்.

அதன் பிறகும் வேலை முடிவதில்லை. எதிரே டிஃபென்ஸ் எப்படி நிற்கிறது என்று பார்த்து, சொன்ன ப்ளேயைக் குவார்ட்டர்பேக் ப்ளே தொடங்கும் கோட்டிலேயே மாற்றலாம். ஒரு ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) தப்பான பக்கம் திரும்பினாலும் நல்ல ப்ளே வீணாகிவிடும். நமக்கு டிவியில் தெரிவது இந்த வரிசையின் கடைசிக் கண்ணி மட்டும்தான். இதைச் சொல்வது கோஆர்டினேட்டரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில்தான் அயோவா கதையே இருக்கிறது.

அயோவாவில் அப்படி என்னதான் நடந்தது?

ஒரே ஒரு மேட்சைப் பார்த்தால் போதும். 2022 செப்டம்பர் 3, அயோவா சிட்டி, கின்னிக் ஸ்டேடியம். சீசனின் முதல் மேட்ச். எதிரணி சௌத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள எஃப்சிஎஸ் பிரிவு அணி. அயோவா 7-3 என்று ஜெயித்தது.

7 என்றதும் ஒரு டச்டவுனும் கூடுதல் புள்ளியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரு ஃபீல்டு கோல், இரண்டு சேஃப்டி. அதாவது அஃபென்ஸ் மைதானத்தில் இருந்தபோது வந்தது 3 புள்ளி, டிஃபென்ஸ் எதிரணியை அதன் எல்லைக்குள் மடக்கிக் கொண்டுவந்தது 4 புள்ளி. மேட்ச் முழுவதும் அயோவா எடுத்தது 166 கஜம். பன்டர் டோரி டெய்லர் 10 முறை உதைத்தார். அதில் ஏழு எதிரணியின் 20 கஜக் கோட்டுக்குள் போய் நின்றன. இரண்டு சேஃப்டிக்கும் வழி செய்தது அந்த உதைகள்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த சௌத் டகோட்டா ஸ்டேட் சாதாரண அணி அல்ல, அந்த சீசனில் எஃப்சிஎஸ் சாம்பியனே அதுதான். ஆனாலும் சொந்த மைதானத்தில் ஒரு டச்டவுன் கூட இல்லாமல் ஜெயித்த அணியைப் பார்த்து ரசிகர்கள் 'பூ' என்று கத்தினார்கள். ஜெயித்த அணியைப் பார்த்துக் கத்துவதா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்த வாரம் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டிடம் 10-7 என்று தோல்வி. சீசன் முடிவில் ஒரு மேட்சுக்குச் சராசரி 251.6 கஜம். 131 அணிகளில் 130வது இடம்.

அடுத்த ப்ளே என்ன என்று ரசிகர்களுக்கே முன்கூட்டியே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. முதல் டவுனில் ஓட்டம், நடுவிலேயே இரண்டு கஜம். இரண்டாவது டவுனில் இன்னும் எட்டு கஜம் பாக்கி, மறுபடியும் ஓட்டம், ஒரு கஜம். இப்போது மூன்றாவது டவுன், ஏழு கஜம் வேண்டும். பாஸ் போட்டே ஆக வேண்டும் என்பது ஸ்டேடியத்தில் உள்ள 69,000 பேருக்கும் தெரியும், எதிரே நிற்கும் டிஃபென்ஸுக்கும் தெரியும். பாஸும் வரும், ஆனால் நான்கு கஜத்தில் நிற்கும் டைட் எண்டுக்கு, அதாவது தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்கிற வீரருக்கு. அவர் பிடித்தவுடன் மடக்குவார்கள். டெய்லர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

முதல் டவுனில் ஓடுவதே தப்பு என்று சொல்லவில்லை. நிறைய நல்ல அணிகள் ஓடுகின்றன. சங்கடம் என்னவென்றால், அயோவா எந்த வேஷமும் போடாமல் ஓடியது. ப்ளே தொடங்கும் முன் வீரர்களைப் பக்கவாட்டில் நகர்த்தி டிஃபென்ஸைக் குழப்புவது இன்று எல்லாரும் செய்கிற வேலை. ஒரே நிற்பிலிருந்து ஒருமுறை ஓட்டம், ஒருமுறை பாஸ் என்று காட்டுவதும் அப்படித்தான். அயோவாவில் இவை அரிது. கோட்டில் ஐந்து பேரோடு இரண்டு டைட் எண்ட் என்று நெருக்கமாக நின்றால், டிஃபென்ஸ் எட்டுப் பேரைக் கோட்டருகே நிறுத்தும். எட்டுப் பேரை ஏழு பேர் தடுக்க முடியாது. எண்ணத் தெரிந்த யாரும் அந்த ஓட்டம் எங்கே முடியும் என்று சொல்லிவிடலாம். அதனால்தான் ரசிகர்களுக்கு அவ்வளவு எரிச்சல்.

ஆனால் ஜெயித்துக்கொண்டேதானே இருந்தார்கள்? அப்புறம் என்ன குறை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2021ல் 10 வெற்றி, 2022ல் 8, 2023ல் மறுபடியும் 10. 2021 அக்டோபரில் நாட்டிலேயே இரண்டாவது இடத்தில்கூட இருந்தார்கள். 2023ல், தாங்கள் விளையாடும் பிக் டென் என்ற கல்லூரி லீகின் மேற்குப் பிரிவை வென்றார்கள். நிறைய ஊர்களில் இதற்கு ஊர்வலமே போவார்கள்.

2023 ஸ்கோர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: விஸ்கான்சினோடு 15-6, நார்த்வெஸ்டர்னோடு 10-7, இல்லினாயோடு 15-13, நெப்ராஸ்காவோடு 13-10. எல்லாம் வெற்றி. எல்லாவற்றையும் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கரின் ஆட்கள் தோளில் சுமந்தார்கள். நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது அந்த வருடம் பார்க்கருக்குத்தான் கிடைத்தது. இப்போது தோல்விகளைப் பாருங்கள்: பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. பென் ஸ்டேட் மேட்சில் அயோவா எடுத்தது மொத்தமே 76 கஜம், புதிதாக முதல் டவுன் கிடைத்தது நான்கே முறை.

இப்படிப்பட்ட டிஃபென்ஸ் ஒரு ஊருக்கு எப்போதும் அமையாது. 2022ல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கிய ஜாக் கேம்ப்பெல், பிறகு தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஈகிள்ஸ் அணிக்காக சூப்பர் பௌலில் பந்தைப் பறித்து டச்டவுன் போட்ட கூப்பர் டிஜீன் எல்லாரும் இந்தச் சில வருடங்களில் ஒரே அணியில் இருந்தார்கள். நாட்டில் நடுத்தரமான ஒரு அஃபென்ஸ் இருந்திருந்தால் போதும், இவர்களை வைத்து எவ்வளவு தூரம் போயிருக்கலாம்! கல்லூரி வீரர்களுக்கு இருப்பது நான்கைந்து வருடம்தான், அந்த வருடங்கள் திரும்பி வராது. கோபத்துக்கு அடியில் இருந்தது இந்த வருத்தம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோஆர்டினேட்டர் தலைமைக் கோச்சின் மகனா?

ஆம். தலைமைக் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ், 1999 முதல் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ் அயோவாவிலேயே விளையாடியவர், என்எஃப்எல் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் வேலை பார்த்துவிட்டு 2012ல் அஃபென்ஸ் லைன் கோச்சாகத் திரும்பி வந்தார். 2017ல் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஆனார்.

உறவினரை நேரடியாக மேற்பார்வையிடக் கூடாது என்ற விதி இருந்ததால், காகிதத்தில் பிரையனின் மேலதிகாரி அப்பா அல்ல, அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா. அப்பாவுக்குக் கீழே தினமும் வேலை, ஆனால் அப்பா அவரை மதிப்பிடவும் கூடாது, நீக்கவும் கூடாது. மதிப்பிட வேண்டிய இயக்குநரோ, இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஊரின் முகமாக இருக்கும் கோச்சின் மகனைத் தொட வேண்டும். எந்த அலுவலகத்திலும் இந்த ஏற்பாடு சரிவராது. ப்ளே காலிங்கைவிட இதுதான் பெரிய தப்பு என்பது என் கருத்து. திறமை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஒவ்வொரு மூன்றாவது டவுனும் குடும்பப் பிரச்சினையாக மாறிவிட்டது.

பிரையனுக்கு ஒன்றுமே தெரியாதா?

அப்படிச் சொல்வது அநியாயம். அவருடைய முதல் சீசனில், 2017 நவம்பரில், ஒஹாயோ ஸ்டேட்டை 55-24 என்று அயோவா புரட்டிப் போட்டது. 2018ல் டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபான்ட் என்று இரண்டு டைட் எண்டுகளை வைத்து நன்றாகவே புள்ளி சேர்த்தார்கள். இருவரும் 2019 என்எஃப்எல் டிராஃப்டின் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றிலேயே போனார்கள். ஆட்கள் இருந்தபோது திட்டம் வேலை செய்தது. ஆட்கள் குறைந்தபோது அதைச் சமாளிக்க மாற்றுத் திட்டம் இல்லை.

"325" என்று சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலர் குறைத்து 8,50,000 ஆக்கினார்கள். கூடவே இரண்டு நிபந்தனை: அணி குறைந்தது 7 மேட்ச் ஜெயிக்க வேண்டும், ஒரு மேட்சுக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 2024 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிந்துவிடும். சீசனுக்கு 13 மேட்ச் என்று வைத்தால் 25 வீதம் 325. ரசிகர்கள் வாரா வாரம் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

இதைவிட மோசமான அளவுகோலை யோசிக்க முடியவில்லை. டிஃபென்ஸும், உதைக்கும் நேரத்தில் இறங்கும் ஸ்பெஷல் டீமும் எடுக்கும் புள்ளிகளும் அதில் சேரும்! 2022 டிசம்பரில், சீசன் முடிவில் நடக்கும் மியூசிக் சிட்டி பௌல் என்ற போட்டியில் கென்டக்கியை 21-0 என்று ஜெயித்தார்கள். அந்த மூன்று டச்டவுனில் இரண்டு டிஃபென்ஸ் வீரர்கள் பாஸைப் பறித்துக்கொண்டு ஓடிப் போட்டவை. இந்தக் கணக்குப்படி அந்த 21ம் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரின் பெயரில்தான் ஏறும். இன்னொரு பக்கம், மேட்ச் ஜெயித்தாகிவிட்ட கடைசி நிமிடத்தில் அயோவா டச்டவுன் போட்டால், ஆட்டத்துக்காகப் போட்டார்களா ஒப்பந்தத்துக்காகப் போட்டார்களா என்ற சந்தேகம் வரும். மைதானத்தில் விளையாடுவது மாணவர்கள். அவர்கள் தலையில் ஒரு பெரியவரின் வேலையைக் கட்டி வைத்தது தவறு.

கடைசியில் வந்தது 14 மேட்சில் 216 புள்ளி. சராசரி 15.4. கஜக் கணக்கில் 133 அணிகளில் கடைசி இடம்.

காயங்களும் காரணம் இல்லையா?

கண்டிப்பாக. 2023ல் மிச்சிகனிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா செப்டம்பர் 30 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தார். டைட் எண்டுகள் லூக் லாச்சியும் எரிக் ஆலும் அடுத்தடுத்து விழுந்தார்கள். விஸ்கான்சினிலிருந்து வந்திருந்த மாற்று குவார்ட்டர்பேக் டீக்கன் ஹில் மிச்ச சீசனைத் தாங்கினார். அவர் தலையில் வந்து விழுந்த பொறுப்பு மிகக் கடினமானது.

ஆனால் 2022 சீசனுக்கு இந்த விளக்கம் போதாது. அந்த வருடமும் கடைசிக்கு முந்தைய இடம்தான்.

பிரையனை எப்போது நீக்கினார்கள்?

2023 அக்டோபர் 21 அன்று மின்னசோட்டாவிடம் 12-10 என்று தோற்றார்கள். கடைசி நிமிடங்களில் டிஜீன் பன்ட்டைப் பிடித்து ஓடி டச்டவுன் போட்டார். ஓடுவதற்கு முன் கையை அசைத்தது செல்லாத சைகை என்று நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். ஊரே கொதித்தது. ஆனால் அந்த ஒரு தீர்ப்பில் மேட்ச் தொங்கும் அளவுக்கு அஃபென்ஸ் இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 30 அன்று இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ், சீசன் முடிந்ததும் பிரையன் தொடர மாட்டார் என்று அறிவித்தார். பார்ட்டா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். அறிவிப்பு வந்தபோது அணி 6 வெற்றி, 2 தோல்வி. பிரையன் மிச்ச மேட்சுகளுக்கும் ப்ளே சொன்னார். அந்தக் கடைசி வாரங்களில் அயோவா மேட்ச் என்றால் இரு அணியும் சேர்ந்தே 30 புள்ளி தேறாது என்று பந்தயக்காரர்கள் கணித்தார்கள். நார்த்வெஸ்டர்ன், ரட்கர்ஸ், நெப்ராஸ்கா மூன்றிலும் அந்தக் கணிப்பு பலித்தது.

ஒரு பன்டர் எப்படி ஊரின் ஹீரோ ஆனார்?

டோரி டெய்லர் மெல்போர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். 2023ல் 93 முறை உதைத்து 4,479 கஜம் சேர்த்தார். ஒரு சீசனில் வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை, 1938லிருந்து நின்ற சாதனையை முறியடித்தார். நாட்டின் சிறந்த பன்டருக்கான ரே கை விருதும் கிடைத்தது. 2024 டிராஃப்டின் நான்காவது சுற்றில் சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. அவர் உள்ளே வரும்போது ரசிகர்கள் எழுந்து கை தட்டியது உண்மையான அன்போடுதான். 93 முறை உதைக்க வேண்டி வந்தது யாரால் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் உண்மையான பொறுப்பு அப்பாவுடையதா?

ஆம், பெரும்பகுதி. பந்தைத் தொலைக்காதே, எதிரணியைப் பின்னால் தள்ளு, டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பது கர்க் ஃபெரன்ட்ஸின் கொள்கை. அதை வைத்துத்தான் அவர் ஜெயித்தார். 2025 செப்டம்பரில் வுடி ஹேஸின் 205 வெற்றியைத் தாண்டி பிக் டென்னிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார். அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மூன்றாவது டவுனில் நான்கு கஜ பாஸ் போடத் துணிவதும், பத்து கஜ பாஸ் போடத் தயங்குவதும் மேலிருந்து வருகிற பழக்கம். "எதிரணி நம் பாஸைப் பறிப்பது மட்டும் வேண்டாம்" என்று தலைமை நினைத்தால், கீழே யார் அட்டையைப் பிடித்தாலும் அட்டையில் பயம்தான் எழுதியிருக்கும்.

புதிய கோஆர்டினேட்டர் வந்ததும் மாறியதா?

பாதி மாறியது. வெஸ்டர்ன் மிச்சிகனில் தலைமைக் கோச்சாக இருந்து, பிறகு கிரீன் பே பேக்கர்ஸில் ஆய்வாளராக இருந்த டிம் லெஸ்டர் 2024ல் வந்தார். ப்ளேக்கு முன் ஆட்களை நகர்த்துவது, ஒரே தோற்றத்தில் வேறு வேறு ஓட்டம் என்று வேஷம் போட ஆரம்பித்தார்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கேலப் ஜான்சன் முந்தைய வருடம் காயத்தோடு 463 கஜம் ஓடியவர், 2024ல் 1,537 கஜம் ஓடி 21 டச்டவுன் போட்டார். சராசரி 27.7 புள்ளி. பிரையனிடம் கேட்ட 25ஐத் தாண்டிவிட்டது. அதே தலைமைக் கோச், ஓட்டத்தை நம்பும் அதே கொள்கை. ரசிகர்கள் மூன்று வருடமாகக் கத்தியது வீண் இல்லை என்று அப்போது தெரிந்தது. பாஸ் மட்டும் 2024லும் தடுமாறியது.

வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்து ப்ளே காலிங்கைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

ஒரு ப்ளேயைக் குறை சொல்லத் தகுதி குறைவுதான். எதிரணி வீடியோவை நாம் பார்க்கவில்லை, யாருக்குக் கணுக்கால் வலி என்று தெரியாது. ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே தவறு நடந்தால் அதைச் சொல்ல யாருக்கும் தகுதி உண்டு. சமையல் தெரியாதவருக்கும் தினமும் உப்பு கரிக்கிறது என்று சொல்லத் தெரியும்.

கோபத்துக்கு எல்லை உண்டா?

உண்டு. கோச்சுகள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், விமர்சனம் அந்த வேலையோடு வருவது. 20 வயதுக் குவார்ட்டர்பேக்கின் செல்போனுக்கு வசைச் செய்தி அனுப்புவது அப்படி அல்ல. அவர் அந்த ப்ளேயைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அடுத்த மேட்சில் நானே ப்ளே காலிங்கைக் கவனிக்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

பந்தைப் பார்க்காமல் இருக்கப் பழகுங்கள். ப்ளே தொடங்கும் முன் டிஃபென்ஸில் எத்தனை பேர் கோட்டருகே நெருக்கமாக நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் நின்றும் நடுவில் ஓடினால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நடந்தால் பரவாயில்லை, மேட்சின் ஒரு கால் பாகத்தில் நான்கு முறை நடந்தால் அது பழக்கம்.

அடுத்து, மூன்றாவது டவுனில் சராசரியாக எத்தனை கஜம் பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று என்றால் முதல் இரண்டு ப்ளேயும் சரியாகத் தேர்ந்தெடுத்தவை. ஏழு எட்டு என்றே வந்தால், திட்ட வேண்டியது மூன்றாவது டவுன் பாஸை அல்ல, முதல் டவுன் ஓட்டத்தை. அப்புறம், பாஸ் போகும்போது ரிசீவர் முதல் டவுன் கோட்டை (அந்த 10 கஜம் முடியும் இடம்) தாண்டி நிற்கிறாரா, அதற்கு முன்னாலேயே நிற்கிறாரா என்று பாருங்கள். மேட்சின் முதல் பதினைந்து ப்ளேக்களைப் பல அணிகள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். அவை நன்றாகப் போய், அதன் பிறகு எல்லாம் நின்றுபோனால், அந்தக் கோஆர்டினேட்டருக்குத் திட்டம் போடத் தெரிகிறது, எதிரணி தன் ஆட்டத்தை மாற்றும்போது தானும் மாறத் தெரியவில்லை என்று அர்த்தம்.